கெட்டில்வரை வந்த மழை

ஒரு யூனிட் மின்சாரத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அதன் விலை மட்டும்தான். அது எங்கே பிறந்தது, எந்த வழியாக வந்தது, யாருடைய நிலத்தைக் கடந்து நம் வீட்டுக்குள் நுழைந்தது என்று கேட்கத் தோன்றுவதில்லை. கேட்டாலும் பதில் கிடைக்காது. நிலக்கரியில் பிறந்ததும் அணுவில் பிறந்ததும் காற்றில் பிறந்ததும் ஒரே கம்பியில் கலந்து வந்து ஃபேனைச் சுற்றுகின்றன. இந்தச் சுற்று எந்த அணையினுடையது என்று யாரால் சொல்ல முடியும்?

ஒரு யூனிட்டோடு கூடவே, அது பிறந்த இடத்திலிருந்து தீர்ந்துபோகும் இடம்வரை, ஒரே பகலில் நடந்து போய்விடக்கூடிய ஊர் ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு எதிரே கடலுக்குள் கிடக்கும் எக் தீவு. முட்டைக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வோமோ அதே உச்சரிப்பு. 9 கிலோமீட்டர் நீளம், 5 கிலோமீட்டர் அகலம், ஊருக்குள் ஒரே ஒரு சாலை. மல்லேக் துறைமுகத்திலிருந்து கப்பல் வரும். கடல் கொந்தளித்தால் வராது. 2001 கணக்கெடுப்பில் அங்கே 67 பேர் இருந்தார்கள். 2011இல் 83 பேர். நம் பக்கத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் முதல் வரிசைக்கே இதைவிட அதிகம் பேர் உட்கார்வார்கள்.

அந்தத் தீவில் ஒரு யூனிட் பிறப்பது பெரும்பாலும் மழையில்தான். அட்லாண்டிக்கிலிருந்து தவழ்ந்து வரும் மேகத்துக்கு முதலில் தட்டுப்படும் தடைகளில் ஒன்று, தீவின் தென்பகுதியில் நிற்கும் ஆன் ஸ்கூர் மலை. உயரம் 393 மீட்டர். எரிமலைக் குழம்பு இறுகிக் கறுத்து, ஒரு பெரிய மிருகத்தின் முதுகெலும்பு போலத் தீவின்மேல் கிடக்கிறது. அதைச் சுற்றியுள்ள மேட்டு நிலம் முழுக்க ஈர மண். செத்த பாசியும் புல்லும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்காமல் அமுங்கிப் பஞ்சாகிப்போன மண். பெய்ததை அது உடனே விட்டுவிடாது. உறிஞ்சி வைத்துக்கொண்டு, கஞ்சன் காசு கொடுப்பதுபோல ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும்.

மேற்கே லேய்க் என்னும் இடத்தில் அப்படி வரும் ஓடைநீரை ஒரு சிறு தடுப்பில் மறித்துக் குழாயில் இறக்கியிருக்கிறார்கள். கீழே ஒரு சின்னக் கட்டடத்துக்குள் டர்பைன். முழு வீச்சில் ஓடினால் சுமார் 100 கிலோவாட். அணை என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. ஓடையில் தண்ணீர் வந்தால் மின்சாரம் வரும், வற்றினால் நிற்கும், அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்பதில் ஒரு சுவை உண்டு. நூறு மீட்டர் உயரத்திலிருந்து நீர் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். வழியில் ஆகும் நஷ்டத்தையும் கழித்தால் ஒரு யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட 5,000 லிட்டர் நீர் கீழே இறங்க வேண்டும். அந்த ஒரு யூனிட்டை வைத்து ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரை எட்டு ஒன்பது முறை கொதிக்க வைக்கலாம். அதாவது ஒரு கெட்டில் தேநீருக்கு 500 லிட்டருக்கு மேல் மழைநீர் மலையிறங்குகிறது. ‘காசைத் தண்ணியா செலவழிக்கிறான்’ என்று நாம் சொல்வதற்கு அந்த ஊரில் வேறு பொருள் வைத்துக்கொள்ளலாம்.

மழை அங்கே எப்போதும் பெய்துகொண்டுதான் இருந்தது. ஓடைகளும் அதே ஓடைகள்தான். ஆனாலும் தீவு முழுவதற்குமான முதல் யூனிட் பிறந்தது 2008 பிப்ரவரி 1 அன்று. பிரிட்டனின் பிற பகுதிகள் மின்விளக்கில் இரண்டு தலைமுறை வாழ்ந்து முடித்த பிறகு. இவ்வளவு தாமதம் ஏன் என்றால், மழை விழுந்த நிலம் அதில் வாழ்ந்தவர்களுடையதாக இல்லை.

எக் ஒரு ஜமீன். அவர்கள் ஊரில் லேர்ட் என்பார்கள். நமக்கு ஜமீன்தார் என்றால் சட்டென்று புரியும். தீவு மொத்தமும் ஒருவர் பெயரில் பட்டா. அவர் விற்றால் வீடு, தோட்டம், கடற்கரை, பள்ளத்தாக்கு எல்லாம் சேர்ந்தே கைமாறும். உள்ளே இருக்கிற மனிதர்களும் கூடவே. 1925இலிருந்து 1966 வரை கப்பல் தொழிலில் செழித்த ரன்சிமன் குடும்பத்தின் கையில் இருந்தது. அதன்பின் வேகமாகக் கை மாறி, 1975இல் கீத் ஷெல்லன்பெர்க் என்ற தொழிலதிபரிடம் வந்தது. பனிச்சறுக்கு வண்டிப் பந்தயத்தில் பிரிட்டனுக்காக ஒலிம்பிக் போனவர். இரண்டரை லட்சம் பவுண்டுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து வாங்கினார். 1920களின் ரோல்ஸ் ராய்ஸ் ஒன்றைத் தீவுக்குக் கொண்டுவந்து அந்த ஒற்றைச் சாலையில் ஓட்டினார். 1994 ஜனவரியில் அந்தக் கார் எரிந்து கிடந்தது. எரித்தவர் யாரென்று தெரியவே இல்லை.

ரோல்ஸ் ராய்ஸ் கதையைத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். படம் பிடிக்க ஏற்ற கதை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது குத்தகைப் பத்திரம். குடியிருந்தவர்களில் பலருக்கு நீண்டகாலக் குத்தகை எழுதித் தரப்படவில்லை. நாளைக்கு இருப்போமா என்று தெரியாத வீட்டுக்கு எவன் கூரை மாற்றுவான்? அரசு மானியம் கேட்டுப் போனாலும், வீடு உன் பெயரிலா, குத்தகை எத்தனை வருஷம் என்றுதான் முதல் கேள்வி வரும். வங்கியும் அதையேதான் கேட்கும். நிலத்தின்மீது உரிமை இல்லாதவனுக்குக் குழாய் பதிக்க வழியில்லை, கேபிளுக்குப் பள்ளம் தோண்ட வழியில்லை. மழை பெய்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஆகவே இந்த யூனிட்டின் முன்னோர் பீப்பாயில் வந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு டீசல் ஜெனரேட்டர். ஓடைக்கரையில் வீடு அமைந்த சிலர் மட்டும் சொந்தமாகச் சின்ன நீர்ச்சுழலி வைத்துச் சமாளித்தார்கள். டீசல் கப்பலில் வர வேண்டும். அந்தக் கப்பலோ அப்போது கரைக்கே வராது. ஆழம் போதாததால் கடலில் தள்ளி நிற்கும். ஒரு சின்னப் படகு போய் ஆட்களையும் மூட்டைகளையும் ஆட்டுக்குட்டிகளையும் மாற்றி ஏற்றிக்கொண்டு வரும். இவ்வளவு பாடுபட்டு வந்த டீசலை நாள் முழுக்க எரிக்க யாருக்கும் மனம் வராது. சாயங்காலம் சில மணி நேரம் ஓடும். துணி துவைப்பது, இஸ்திரி போடுவது, டிவி பார்ப்பது எல்லாம் அந்தச் சில மணி நேரத்துக்குள். கடைசியாக ஜெனரேட்டரை நிறுத்த இருட்டில் யாராவது வெளியே போக வேண்டும். நிறுத்திய பிறகுதான் கடல் ஓசை காதில் விழும்.

1991இல் தீவை மக்களுக்காக மீட்பது என்ற நோக்கத்தோடு ஓர் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. அலஸ்டர் மக்கின்டாஷ் போன்ற நில உரிமை ஆர்வலர்கள் அதில் இருந்தார்கள். அப்போது அது கொஞ்சம் கிறுக்குத்தனமான யோசனையாகவே பார்க்கப்பட்டது. கையில் காசும் இல்லை, விற்கிற எண்ணம் உரிமையாளருக்கும் இல்லை. 1993இல் வடக்கே அஸிண்ட் என்னும் பகுதியின் சிறு குத்தகை விவசாயிகள் தாங்கள் உழுத எஸ்டேட்டைத் தாங்களே விலைகொடுத்து வாங்கிக் காட்டியபோது கிறுக்குத்தனம் கொஞ்சம் தெளிந்தது. 1995இல் ஷெல்லன்பெர்க் தீவை விற்றார், ஆனால் மக்களுக்கு இல்லை. மாருமா என்ற பெயரில் இயங்கிய ஜெர்மன் ஓவியர் ஒருவருக்கு. அடுத்த ஆண்டே தீவு மறுபடி சந்தைக்கு வந்தது.

இம்முறை தீவினர் விடவில்லை. ஹைலாண்ட் கவுன்சில், ஸ்காட்டிஷ் வைல்ட்லைஃப் டிரஸ்ட் இரண்டையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு வசூலில் இறங்கினார்கள். லாட்டரிப் பணத்தைப் பகிர்ந்தளிக்கும் பாரம்பரிய நிதியம் கைவிரித்தது. பணம் வந்தது பொதுமக்களிடமிருந்து. ஆயிரக்கணக்கானோர் சின்னச் சின்னத் தொகையாக அனுப்பினார்கள். பெயர் வெளியே வரக்கூடாது என்ற நிபந்தனையோடு ஒரு பெண்மணி பெருந்தொகை ஒன்றைத் தந்தார். வாங்கிய விலையில் பாதியளவு அதிலேயே அடைபட்டது. விலை 15 லட்சம் பவுண்டு. 1997 ஜூன் 12 அன்று தீவு, எக் தீவுப் பாரம்பரிய அறக்கட்டளையின் பெயருக்கு மாறியது. வருஷா வருஷம் ஜூன் மாதத்தில் அந்த நாளுக்காக இன்னும் ஆட்டம் பாட்டம் நடக்கிறது. விடியும்வரை நடக்கும், ஜூனில் அந்த ஊரில் விடிவதற்கு அதிக நேரம் ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நிலம் கைக்கு வந்த பிறகும் மின்சாரத்துக்குப் பத்தரை ஆண்டு ஆயிற்று. இந்தப் பத்தரை ஆண்டைப் பற்றி யாரும் உற்சாகமாகப் பேசுவதில்லை. கூட்டங்கள், மனுக்கள், மறுபடி கூட்டங்கள். குத்தகைகளை ஒழுங்காக எழுதிக் கொடுத்தார்கள். படகுத்துறையில் ‘ஆன் லாம்ரிக்’ என்ற கட்டடம் எழுந்தது: கடை, தேநீர் விடுதி, கைவினைக் கடை எல்லாம் ஒரே கூரையின்கீழ். ஊரே கூடும் இடமாக அது ஆகிப்போனது. ஒழுகிய வீடுகள் ஒவ்வொன்றாகச் சரியாயின. 2000களின் தொடக்கத்தில் புதிய துறை கட்டப்பட்டு, கப்பல் கரைக்கே வந்து நின்றது. யார் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிக்கு யார் செலவு செய்வது என்பதுபோன்ற விவகாரங்களில் ஊர் தன்னைத்தானே நடத்திப் பழகிக்கொண்ட காலம் இது. அந்தப் பழக்கம் இல்லாமல் பின்னால் வந்த ஒரு முடிவை அவர்களால் எடுத்திருக்க முடியாது என்று நினைக்கிறேன். அதற்கு வருகிறேன்.

பெருநிலத்திலிருந்து கடலடிக் கேபிள் இழுப்பது கட்டுப்படியாகாது என்று தெரிந்ததும், தீவுக்குள்ளேயே உற்பத்தி என்று தீர்மானமானது. லேய்க்கில் பெரிய நீர்ச்சுழலி. வேறு ஓடைகளில் ஐந்தாறு கிலோவாட் அளவில் இரண்டு சின்னச் சுழலிகள். ஸ்கூர் மலையின் அடியில் 6 கிலோவாட் காற்றாலைகள் நான்கு. தொடக்கத்தில் 10 கிலோவாட் சூரியத் தகடுகள், பின்னர் பல மடங்காகப் பெருக்கப்பட்டன. மழைக்காலத்தில் நீரும் காற்றும் கொடுக்கும். கோடையில் ஓடை மெலியும், ஆனால் பகல் பதினேழு பதினெட்டு மணி நேரம் நீளும். அப்போது சூரியன் கொடுக்கும். எதுவுமே கொடுக்காத நாளுக்கு இரண்டு டீசல் ஜெனரேட்டர்கள் காத்திருக்கின்றன. முன்பு வீட்டுக்கொன்றாக இரைந்துகொண்டிருந்தவற்றின் இடத்தில் இப்போது மொத்தத் தீவுக்கும் இரண்டு.

மொத்தச் செலவு சுமார் 16 லட்சத்து 60 ஆயிரம் பவுண்டு. தீவின் விலையைவிடத் தீவின் மின்சாரத்தின் விலை அதிகம்! இடையில் பத்தாண்டு விலைவாசி ஏறியிருக்கிறது என்பதைக் கழித்துக்கொண்டாலும் வியப்பு முழுதாகத் தீரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி நிதி பெரும் பங்கைத் தந்தது. லாட்டரிப் பணமும் இம்முறை வேறொரு நிதியம் வழியாக வந்தது. தீவினரும் தம் பங்கைப் போட்டார்கள். ஏறக்குறைய 45 இணைப்புகள்; வகுத்தால் ஓர் இணைப்புக்கு 36,000 பவுண்டுக்கு மேல் வருகிறது. ‘தற்சார்பு’ என்று இந்தத் தீவைத் தலையில் தூக்கி வைத்து எழுதுகிறவர்கள் இந்த வகுத்தலைச் செய்வதில்லை. வெளிப்பணம் இல்லாமல் இது நடந்திருக்காது. அதேசமயம், அதே வெளிப்பணத்தை ஜமீன் காலத்தில் கொட்டியிருந்தால் அது ஜமீன்தாரின் சொத்து மதிப்பைத்தான் உயர்த்தியிருக்கும்.

சரி, நம் யூனிட்டுக்குத் திரும்புவோம். டர்பைனில் பிறந்தது, மண்ணுக்குள் இறங்குகிறது. கம்பம் நட்டுக் கம்பி இழுத்தால் அந்த ஊர்க் காற்றுக்கு மாதம் ஒருமுறை ஒட்டுப்போட வேண்டியிருக்கும். மலையின் அழகும் கெடும். அதனால் 11 கிலோமீட்டர் கேபிளையும் புதைத்துவிட்டார்கள். சாலையோரமாக, ஆடு மேயும் புல்லுக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல் போகிறது. யாருடைய நிலத்தின் அடியில் என்ற கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது.

காற்றாலைகள் நிற்கிற அதே மலையடியில் க்ரூலின் என்ற கிராமம் இருந்தது. 1853இல் ஆட்டுப்பண்ணைக்கு இடம் வேண்டுமென்று அங்கிருந்த 14 குடும்பங்களை வெளியேற்றினார்கள். மொட்டைச் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீவில் சுமார் 500 பேர் இருந்திருக்கிறார்கள். அருகிலேயே கடலோரத்தில் ஒரு குகை. பதினாறாம் நூற்றாண்டில் பகைக் குலத்தார் குகைவாயில் தீ மூட்டி, உள்ளே ஒளிந்திருந்த தீவினரைப் புகையாலேயே கொன்றார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. 395 பேர் என்பார்கள். ஆள் குறைவான ஊர் என்று வரைபடத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறோம். அந்த ஊரில் ஆள் தானாகக் குறையவில்லை.

தீவின் நடுவில் ஒரு கட்டடம். யூனிட் தங்கும் சத்திரம் என்று அதைச் சொல்லலாம். உள்ளே வரிசை வரிசையாகப் பேட்டரிகள். தொடங்கியபோது 96 ஈய அமில செல்கள், அவற்றோடு 12 இன்வெர்ட்டர்கள். நம் வீட்டு இன்வெர்ட்டரின் பெரியப்பா குடும்பம். எந்த உற்பத்தியும் இல்லாவிட்டாலும் தீவு முழுவதையும் ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். அவசரமாகத் தேவைப்படாத யூனிட் இங்கே இளைப்பாறிவிட்டு இரவில் கிளம்பும்.

பேட்டரி நிரம்பிவிட்டால் என்ன ஆகும்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு வருகிறது. மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலையும். இசைக்குச் சுருதி எப்படியோ மின்சாரத்துக்கு அது அப்படி. பேட்டரி நிரம்பியதும் இன்வெர்ட்டர்கள் அந்தச் சுருதியை மயிரிழை அளவு ஏற்றிவிடும். தீவின் கம்பிகள் முழுவதிலும் அது கேட்கும். காற்றாலையும் சூரியத் தகடும் அதை உணர்ந்து தாமாகவே உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். தனியாகச் செய்திக் கம்பி வேண்டாம், யாரும் ஓட வேண்டாம். அதற்கும் முன்னதாக ஒரு படி உண்டு: மிஞ்சுகிற மின்சாரம் ஊர்ப் பொதுக்கூடத்திலும் தேவாலயங்களிலும் உள்ள ஹீட்டர்களுக்குப் போகும். புயல் வீசும் நடுக்குளிர் இரவில், ஒருவரும் இல்லாத தேவாலயம் கதகதப்பாக இருக்கும். நம் யூனிட் பெருமழை நாளில் பிறந்திருந்தால் அதன் வாழ்க்கை பெரும்பாலும் அங்கே, காலி பெஞ்சுகளைச் சூடாக்குவதில் முடியும். வீண் என்று சொல்ல மனம் வரவில்லை. ஈரத்தில் ஊறிச் சுவர் உதிராமல் காக்கிறதே.

சாதாரண நாளில் பிறந்த யூனிட், மின்மாற்றியைத் தாண்டி ஒரு வீட்டு மீட்டருக்கு வந்து சேர்கிறது. அங்கே ஒரு வாசல்காரன் இருக்கிறான். எந்த வீடாக இருந்தாலும் ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. கடை, விடுதி போன்ற தொழிலிடங்களுக்கு 10 கிலோவாட். மீறினால் டப்பென்று அணைந்துவிடும். திரும்பப் போட்டுக்கொள்ள ஆளைக் கூப்பிட வேண்டும், அதற்குக் கட்டணமும் உண்டு.

இதுதான் நான் முன்பு சொன்ன முடிவு. பெரிய வீடு, சின்ன வீடு, பழைய குடி, நேற்று வந்த குடி எல்லாருக்கும் ஒரே அளவு. பணம் அதிகம் கொடுத்தாலும் ஆறாவது கிலோவாட் கிடையாது. அரசு போட்ட உத்தரவு அல்ல இது; ஊர் கூடிப் பேசி ஒப்புக்கொண்டது. 45 இணைப்பும் தலா ஐந்து கிலோவாட் இழுத்தாலே 225 ஆகிறது. தொடங்கிய காலத்தில் நீர், காற்று, சூரியன் மூன்றின் உற்பத்தியும் சேர்ந்தாலும் அதைத் தொடாது. எல்லாரும் ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் கணக்கே நிற்கிறது. பிரிட்டனின் பெருநிலத்தில் கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் நாடே ஒரே சமயம் கெட்டிலைப் போட்டு மின்வாரியத்தைத் திணறடிக்கும். எக் தீவில் அந்தச் சலுகை இல்லை.

5 கிலோவாட் என்றால் எவ்வளவு? பிரிட்டிஷ் கெட்டில் ஒன்று 3 கிலோவாட் இழுக்கும். தண்ணீரைச் சூடாக்கும்போது வாஷிங் மெஷின் 2 இழுக்கும். ஆயிற்று. அதோடு ஓவனையும் போட்டால் வீடு இருட்டு. ஆகவே வீட்டுக்குள் ஒரு வரிசை முறை உருவாகிவிடுகிறது: மெஷின் ஓடி முடியட்டும், பிறகு தேநீர். இந்த நிமிடம் எவ்வளவு இழுக்கிறோம் என்று காட்டும் சின்ன மானிட்டரை வீடுகளில் வைத்தார்கள். பார்த்துப் பார்த்துக் குழந்தைகளுக்கும் கிலோவாட் மனப்பாடம். ஆனால் பழைய ஜெனரேட்டர் காலத்தில் இருந்தவர்களுக்கு இது கட்டுப்பாடாகவே தோன்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரவு பன்னிரண்டு மணிக்கும் ஃபிரிட்ஜ் ஓடுகிறது என்பதுதான் அவர்களுக்குச் செய்தி.

எக் எலெக்ட்ரிக் என்பது நிறுவனத்தின் பெயர். அறக்கட்டளைக்குச் சொந்தமானது. பராமரிப்பதும் தீவின் ஆட்களே. பயிற்சி எடுத்துக்கொண்டு, தம் பிற வேலைகளுக்கு நடுவே பகுதிநேரமாகச் செய்கிறார்கள். ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் 90 முதல் 95 சதவீதம் நீர், காற்று, சூரியனிலிருந்து வருகிறது. 2010இல் பிரிட்டனின் நெஸ்டா என்ற அமைப்பு நடத்திய ‘பிக் கிரீன் சேலஞ்ச்’ போட்டியில் வென்றவர்களில் ஒருவராக 3 லட்சம் பவுண்டு பரிசும் வாங்கினார்கள்.

குறையும் உண்டு. 5 கிலோவாட்டில் ஸ்காட்லாந்தின் குளிருக்கு வீட்டைச் சூடாக்க முடியாது. அடுப்பில் விறகோ வேறு எரிபொருளோ எரிகிறது. அந்த ஒற்றைச் சாலையில் பெட்ரோல், டீசல் வண்டிகள் ஓடுகின்றன. மழை பொய்த்த வாரங்களில் லேய்க் சுழலி சுணங்கும், ஜெனரேட்டர் இருமத் தொடங்கும். காற்றாலை, நீர்ச்சுழலிகளின் உதிரிபாகம் வேண்டுமென்றால் கப்பல் வர வேண்டும், கப்பல் வர வானம் வழிவிட வேண்டும். பேட்டரிக்கும் ஆயுள் உண்டு. மாற்றும்போது பணம் எங்கே என்ற பழைய கேள்வி புதிதாக வரும்.

எக் தனித்தீவு அல்ல. ‘சிறுதீவுகள்’ என்று அழைக்கப்படும் நான்கில் ஒன்று, நான்கையும் ஒரே கப்பல்தான் சுற்றி வருகிறது. மக் தீவு தனியார் குடும்பம் ஒன்றின் சொத்து. கன்னா தீவு 1981 முதல் ஸ்காட்லாந்தின் தேசியப் பாரம்பரிய அறக்கட்டளையிடம். ரம் தீவை 1957இல் அரசு இயற்கைக் காப்பகமாக வாங்கியது. கிராமப் பகுதி மட்டும் சமீபகாலத்தில் ஊராரிடம் வந்தது. ரம், எக்கைப்போல மூன்று மடங்குக்கு மேல் பெரியது. 2011இல் அங்கே இருந்தவர்கள் 22 பேர். ஒரே கடல், ஒரே மழை, ஒரே கப்பல், நான்கு வகைப் பட்டா. சோதனைக்கூடத்தில்கூட இவ்வளவு துல்லியமாக ஒப்பிட வாய்க்காது. இருந்தாலும் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதக் கூடாது; ரம் தீவின் நிலம் எக்கைவிடக் கரடுமுரடு. ஆனால் இளம் வயதினர் திரும்பி வந்து வீடு கட்டுவது எந்தத் தீவில் அதிகம் நடக்கிறது என்று பார்த்தால், பட்டாவுக்கும் தொட்டிலுக்கும் சம்பந்தமில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எக்கின் வெற்றிக்குப் பிறகு கதவு அகலத் திறந்தது. 1999இல் நொய்டார்ட் பகுதி, 2002இல் கீகா தீவு என்று, ஊராரே வாங்கிய நிலங்களின் வரிசை நீண்டது. கீகா மக்கள் பழைய காற்றாலைகள் மூன்றை வாங்கி நட்டு, மின்சாரத்தைப் பொது மின்தொகுப்புக்கு விற்றார்கள்; அவற்றுக்கு ‘ஆடும் மங்கையர்’ என்று பெயர். 2003இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிலச் சீர்திருத்தச் சட்டம் இயற்றி, ஊர்ப்புறச் சமூகங்களுக்குத் தம் நிலம் விற்பனைக்கு வந்தால் முதலில் வாங்கும் உரிமையைக் கொடுத்தது. இன்று அங்கே சமூகங்களின் கையில் உள்ள நிலம் சுமார் 2 லட்சம் ஹெக்டேர்.

மாலை ஆகிவிட்டது. காலையில் மேட்டு நிலத்தின் பாசியிலிருந்து கசிந்து, குழாயில் விழுந்து, சுழன்று, புல்லுக்கடியில் ஓடி, சத்திரத்தில் தங்கி வந்த நம் யூனிட், வடக்கே க்ளீடேல் பக்கம் ஒரு சமையலறையில் கெட்டிலுக்குள் நுழைகிறது. எட்டாவது முறை கொதித்ததும் தீர்ந்துபோகிறது. ஆவி ஜன்னல் கண்ணாடியில் படிந்து, துளியாகி, மறுபடி வழிகிறது.

2008க்குப் பிறகு தீவில் வீடுகள் கூடியிருக்கின்றன, ஆட்கள் கூடியிருக்கிறார்கள், சூரியத் தகடுகளும் கூடியிருக்கின்றன. வீட்டுக்கான வரம்பு மட்டும் அதே 5 கிலோவாட்.